மைனஸ் அக்காவும் திரும்பி வராத ஊசலும்

ஒரு சின்னக் கோட்டுக்குப் பயந்துகொண்டே யாராவது இந்த உலகத்தில் குடும்பம் நடத்தி, வேலைக்குப் போய், பொங்கல் தீபாவளியும் கொண்டாடியிருக்கிறார்கள் என்றால் அது எங்கள் மைனஸ் அக்கா ஒருத்திதான். பாம்புக்குப் பயந்தவர்களுக்கு எங்கள் ஊரில் புற்றுமண் இருக்கிறது. பல்லிக்குப் பயந்தவர்களுக்கு விளக்குமாறு இருக்கிறது. கழித்தல் குறிக்குப் பயந்தவளுக்கு என்ன கொடுப்பது என்று சங்கரன்கோவிலில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை ரேஷன் கடையில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். வயது நாற்பதுக்குப் பக்கம். ஊரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பம்ப்செட் மோட்டாருக்குச் சாமான் விற்கிற கடை வைத்திருந்தார். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். சாதுவான மனிதர். அக்காவோடு குடித்தனம் நடத்துகிறவர் வேறு எப்படி இருக்க முடியும்?

அக்காவும் நானும் கரஸ்பாண்டன்ஸில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தோம். சனிக்கிழமை சனிக்கிழமை திருநெல்வேலிக்கு பஸ் ஏறி வகுப்புக்குப் போவோம். அங்கேதான் பழக்கம். நான் சேர்ந்த காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ‘பொண்ணு மேல படிச்சிக்கிட்டு இருக்கா’ என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நாள் பொறுப்பார்கள் அல்லவா, அதற்காகத்தான். அக்கா சேர்ந்த காரணத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. எம்.எஸ்சி. முடிக்காதவர்களுக்கு இனி பிளஸ் டூ கிடையாது என்று பள்ளித் தாளாளர் சொல்லிவிட்டார். மற்ற பேப்பரை எல்லாம் அக்கா முடித்துவிட்டாள். கிளாசிக்கல் மெக்கானிக்ஸ் மட்டும் பாக்கி. அதற்கும் இது கடைசி வாய்ப்பு. இதில் தவறினால் பதிவே காலாவதி.

“அந்தப் பிள்ளைகள நான் ஒம்பதாப்புல இருந்து கைபிடிச்சுக் கொண்டு வாரேன்ட்டி. இப்ப பாதியில இன்னொருத்தர் கையில குடுத்துட்டுப் போன்னு சொல்லுதாவ. நான் எப்படிட்டி குடுப்பேன்?” என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் பதட்டம் இருக்காது. அழுகைதான் இருக்கும்.

சரி, அந்த மைனஸ் விவகாரத்துக்கு வருகிறேன். ஒரு பொருள் எப்படி நகரும் என்று கண்டுபிடிக்க நியூட்டன் வழியில் போனால், யார் தள்ளுகிறார்கள், யார் இழுக்கிறார்கள் என்று ஒவ்வொருவரையாக விசாரிக்க வேண்டும். ஹாமில்டன் வழியில் அந்த வம்பெல்லாம் கிடையாது. பொருள் எங்கே இருக்கிறது, என்ன உந்தத்தோடு போகிறது, மொத்த ஆற்றல் எவ்வளவு, இதைச் சொன்னால் போதும். மீதியை இரண்டு சமன்பாடுகள் பார்த்துக்கொள்ளும். இடம் எப்படி மாறும் என்று முதலாவது சொல்லும். உந்தம் எப்படி மாறும் என்று இரண்டாவது சொல்லும். இரண்டும் அக்கா தங்கச்சி போல ஒரே ஜாடை. ஒரே வித்தியாசம், இரண்டாவதற்கு முன்னால் ஒரு மைனஸ் நிற்கும். ஆடுகிற ஊசலை ‘போதும், திரும்பி வா’ என்று கூப்பிடுவது அந்த மைனஸ்தான். அதை விட்டுவிட்டால், கணக்குப்படி ஊசல் போனது போனதுதான்.

அக்கா முதல் தடவை பரீட்சையில் அதை விட்டுவிட்டாள். பக்கம் பக்கமாக எழுதி, ஊசலைச் சூரியனுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்து, அடியில் இரண்டு கோடு இழுத்து ‘விடை’ என்றும் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த தடவை பயத்தில் இரண்டு சமன்பாட்டுக்கும் மைனஸ் போட்டாள். அப்படிப் போட்டாலும் ஊசல் திரும்பாது! அன்றிலிருந்து பிடித்தது சனி.

மறந்துவிடக் கூடாது என்று புறங்கையில் மைனஸ் எழுதினாள். பாத்திரம் கழுவினால் அழிந்துபோகிறது என்று ஃப்ரிட்ஜ் கதவில் எழுதினாள். கடைசியில் நெற்றிக்கே வந்துவிட்டாள். வட்டப் பொட்டைத் துறந்து, கோமதியம்மன் குங்குமத்தைக் குறுக்கே ஒரு கோடாக இழுத்துக்கொண்டாள். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வருமாம். தெருவில் நாலு பேர் அது என்ன புது விரதம் என்று என்னிடம் விசாரித்தார்கள். ஒருத்தி மறுநாளே தானும் அப்படி இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

அத்தான் பாடுதான் பெரும்பாடு. ஒரு பொருளின் இடம் மட்டும் தெரிந்தால் அது அரை விவரம், உந்தமும் தெரிந்தால்தான் முழு விவரம் என்று ஹாமில்டன் வழி சொல்கிறது. அக்கா அதை அத்தான் மேல் பிரயோகித்தாள். அவர் மோட்டார் பார்க்க ராயகிரிக்கோ குருவிகுளத்துக்கோ பைக்கில் போனால், இங்கிருந்து போன் பறக்கும்.

“எங்கன இருக்கீய?”

“ரயில்வே கேட்டுகிட்ட.”

“அதச் சொன்னா ஆச்சா? எந்தப் பக்கமா, எம்புட்டு வேகத்துல?”

“கேட்டு போட்டிருக்குடி. நிக்கேன்.”

“அப்ப மொமண்டம் ஜீரோ. அதச் சொல்ல வேண்டியதுதான?” என்று நிம்மதியாக வைப்பாள். அந்த நிம்மதி கேட் திறக்கிற வரைக்கும் தாங்கும். பிறகு மறுபடியும் போன். அத்தான் பாவம், ஒரு கட்டத்தில் போனை எடுத்ததுமே “குருவிகுளம் ரோடு, வடக்காம, நாப்பதுல போறேன்” என்று பேச ஆரம்பித்துவிட்டார். கடைக்கு வருகிற விவசாயிகள் அவர் ஏதோ போலீசுக்குத் துப்புச் சொல்கிறார் என்று ஒதுங்கி நின்றார்கள்.

அக்காவின் மாமியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், “இவளச் சக்கரக் குழியில உக்கார வைக்கணும்” என்று சொல்லிவிட்டாள். கோமதியம்மன் சன்னதிக்கு முன்னால் இருக்கிறது அந்தக் குழி. மனக்கலக்கம் உள்ளவர்கள் அதில் உட்கார்ந்து அம்மனை நினைத்தால் தெளிந்துவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அக்கா மறுப்பாள் என்று பார்த்தேன். “கூட்டிட்டுப் போங்க அத்த, எனக்கும் ஒரு தெளிவு வரட்டும்” என்று கிளம்பிவிட்டாள். துணைக்கு நானும் போனேன்.

உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, எழுந்திருக்கக் காணோம். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஆத்தா இறங்கிட்டா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். “டெல் ஹெச் பை டெல் கியூ, முன்னால மைனஸு. டெல் ஹெச் பை டெல் கியூ, முன்னால மைனஸு.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாமில்டனின் அந்த இரண்டாவது சமன்பாடு! பின்னால் முறைக்குக் காத்திருந்த ஒரு அம்மாள், அக்கா எழுந்ததும் மெதுவாக அவளை மறித்தாள்.

“தாயி, கொள்ள நேரம் சொன்னியே, அது என்ன மந்திரம்? எனக்கும் மனசே சரியில்ல.”

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். அப்படியே சொல்லிக் கொடுத்தாள். நாங்கள் பிரகாரம் திரும்புகிற வரைக்கும் அந்த அம்மாள் குழிக்குள் உட்கார்ந்து “டெல் ஹெச் பை டெல் கியூ” என்று உருகிக்கொண்டிருந்தாள். தெளிந்தாளா என்று தெரியாது. அக்காவுக்குத் தெளியவில்லை.

பரீட்சை வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. திருநெல்வேலியில் இறங்கும்போது மட்டும் என் காதில் ரகசியம் போலச் சொன்னாள்.

“நான் முடிவு பண்ணிட்டேன்ட்டி. பேப்பரக் கையில வாங்குனதும் மொத வேலையா மைனஸப் போட்டுருவேன். கேள்வியெல்லாம் பெறவு பாத்துக்கிடுவேன்.”

“நல்ல யோசனதான்க்கா” என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கும் அன்றைக்கு அதே பரீட்சைதான்.

வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊசல் கேள்வி வந்திருக்கிறது. மற்ற கேள்விகளில் பாதிதான் தெரியும், ஆனால் ஊசல் பெரிய கேள்வி, அது ஒன்றே கரை சேர்த்துவிடும். “போட்டுட்டேன்ட்டி! மைனஸப் போட்டுட்டேன்!” என்று ரோட்டிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் வடை வாங்கிக் கொடுத்தாள். நானும் தைரியமாக இருந்தேன். எனக்கு எல்லா மைனசும் அதனதன் இடத்தில் சரியாக விழுந்திருந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

திரும்பி வருகிற பஸ்ஸில் மானூர் தாண்டியிருப்போம். அக்கா உள்ளங்கையில் விரலால் என்னவோ எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நின்றது.

“ஏட்டி.”

“என்னக்கா?”

“மைனஸு போட்டேன்லா?”

“நீதான போட்டேன்னு குதிச்ச?”

“எங்கன போட்டேன்?”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“மொத வேலையாப் போடணும் போடணும்னு போனேன்லா. பதட்டத்துல மொத ஈக்குவேஷனுக்கே போட்டுட்டேன்ட்டி. ரெண்டாவது ஈக்குவேஷன் மொட்டையா நிக்கி.”

நான் மனதுக்குள் கணக்கை ஓட்டிப் பார்த்தேன். இப்படிப் பாருங்கள் விசித்திரத்தை. மைனஸ் ஒன்றிலும் இல்லையென்றால் ஊசல் வராது. இரண்டிலும் இருந்தாலும் வராது. தப்பான ஒன்றில் மட்டும் இருந்தால் வந்துவிடும்! விடை சரியாகவே இருக்கும்.

“யக்கா, ஊசல் திரும்பி வந்துருச்சுலா? பெறவு என்ன?”

“வந்துச்சு. ஆனா எப்படி வந்துச்சு? ரிவர்ஸ்ல வந்துச்சு. நான் எழுதியிருக்கது உண்மைன்னா காலம் பின்னால போவுதுன்னு அர்த்தம்ட்டி!” என்று சத்தமாகவே கத்திவிட்டாள்.

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். “யக்கா, பஸ்ஸு முன்னாலதான் போவுது. பயப்படாதீய” என்றார். பஸ்ஸே சிரித்தது. அக்கா மட்டும் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டே வந்தாள். குங்குமக் கோடு கலைந்து நெற்றியெல்லாம் பரவிவிட்டது.

வகுப்பெடுத்த பேராசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டோம். “திருத்துகிறவர் விடையை மட்டும் பார்த்தால் பாஸ். வரிக்கு வரி பார்த்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அக்கா இரண்டு மாதத்துக்கும் மேல் எங்களை வறுத்தெடுத்தாள். திருத்துகிறவர் கண்ணாடி போடுகிறவரா, போட்டால் கிட்டப்பார்வையா தூரப்பார்வையா, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து பேப்பரை எடுப்பாரா, எடுத்தால் யார் பக்கம் நியாயம் இருந்திருக்கும் என்பது வரை கேட்டாள். எங்கேயோ இருக்கிற, பெயர் தெரியாத ஒரு மனிதருக்குக் குளிர்ந்த மனசு வேண்டுமென்று உப்பும் மிளகும் வாங்கிக் கோயிலில் போட்டுவிட்டு வந்தாள்.

பள்ளியில் தாளாளர், கோமதியம்மன் ஆடித்தபசுத் திருவிழா லீவு முடிந்து பள்ளி திறக்கும் நாள் வரை கெடு கொடுத்திருந்தார். அதற்குள் ரிசல்ட் வந்து காட்டினால் பிளஸ் டூ, இல்லாவிட்டால் எட்டாம் வகுப்பு. புதிதாக ஒரு பையன், எம்.எஸ்சி.யில் நல்ல மார்க் வாங்கியவன், வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமில் காத்திருந்தான். இந்த அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அவனை உட்கார வைத்துத் தன் பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். “கடைசி பெஞ்சுல ஒரு பய இருப்பான் தம்பி, வாயத் திறந்து கேக்க மாட்டான். மூஞ்சியப் பாத்து நீங்களாத்தான் புரிஞ்சுக்கிடணும். அந்த ரெட்டச் சடைக்காரி எல்லாம் புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுவா, நம்பிராதீய.” அதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். அந்தப் பையனை ஒருநாள் ரோட்டில் பார்த்தபோது, ஒரு குற்றமும் செய்யாத அவனை, முறைத்துவிட்டு வந்தேன்.

தபசும் வந்துவிட்டது. ரிசல்ட் வரவில்லை. லீவு முடிய இன்னும் ஒரு நாள்தான். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சாயங்காலம் அத்தான் எங்களைப் பொருட்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊர் ஜனம் முழுக்க அங்கேதான் இருந்தது. அத்தான் டெல்லி அப்பளம் வாங்கப் போனார். அக்கா நேராகக் கப்பல் ராட்டினத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிற கப்பல். வேறென்ன, பெரிய ஊசல்.

கப்பல் மேலே போகும்போது மூச்சைப் பிடிப்பாள். திரும்பினால்தான் விடுவாள். டிக்கெட்காரன் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் கேட்டுவிட்டான்.

“என்ன மதினி, சொந்தக்காரங்க யாரும் ஏறியிருக்காவளா?”

“இல்ல. திரும்பி வருதான்னு பாக்கேன்.”

“வராம அது எங்க போவும்? போல்ட்டெல்லாம் காலையிலதான் முறுக்குனேன்” என்றான் அவன், ரோஷத்தோடு.

அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, போன எடு. கப்பல வீடியோ பிடி. அத ரிவர்ஸ்ல ஓட்டு.”

பிடித்தேன். பின்னோக்கி ஓட்டிக் காட்டினேன். அக்கா போனை மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தாள்.

“பாரு! நேரா ஓடுதா, ரிவர்ஸ்ல ஓடுதான்னு கண்டுபிடிக்க முடியுதா? கப்பல் ரெண்டுலயும் ஒரே மாதிரித்தான ஆடுது? அப்ப திருத்துதவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

“கப்பல்ல தெரியலக்கா. ஆனா கீழ நிக்கவன் வாயில இருந்து பஞ்சு மிட்டாய் வெளிய வருதே!”

“கேள்வியில பஞ்சு மிட்டாய் இல்ல மூதி! ஊசல் மட்டும்தான இருந்துச்சு!”

அவ்வளவு நாளில் அன்றுதான் முதல் தடவையாக அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் என் கையில் போன் அதிர்ந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ரிசல்ட் வந்துவிட்டது.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “நீ பாரு. என்கிட்ட சொல்லாத. இல்ல, சொல்லு. இல்ல, வேண்டாம்.” கூட்டத்தில் சிக்னல் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தான் ஆளுயர அப்பளத்தோடு ஓடிவர, மூன்று பேரும் முண்டியடித்து ரோட்டுக்கு வந்தோம். அப்பளம் வழியிலேயே பொடியாகிப் போனது. ஒரு சாத்தின கடை வாசலில் ரிசல்ட் பக்கம் திறந்தது. அக்காவின் நம்பரைப் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, என் கல்யாணப் பேச்சுக்குக்கூட நான் அப்படிப் பயந்தது இல்லை.

பாஸ்.

அக்கா அந்த வாசலிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தான், அந்தச் சாதுவான மனிதர், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் “பாஸு, பாஸு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கொஞ்ச நேரம் அழுதாள். கண்ணைத் துடைத்தாள். உடனே பயந்துபோய் நிமிர்ந்தாள்.

“ஏட்டி, மறு திருத்தல்னு ஒண்ணு உண்டுலா? நாமளா கேக்காம அவுகளாத் திருத்துவாகளா?”

“சவத்த விடுக்கா! நல்ல நாளும் அதுவுமா!”

“சரி சரி. உன்னது என்னாச்சு?”

போட்டேன். போனைக் குனிந்து பார்த்தேன். மறுபடியும் நம்பரைச் சரிபார்த்துப் போட்டேன். எல்லா மைனசையும் சரியான இடத்தில் போட்டவள் நான். தேறாமல் போனவளும் நான்தான். சரியாகப் போட்டுவிட்டோம் என்ற தெம்பில் ஊசலை மட்டும் அழகு அழகாக எழுதி, மற்ற கேள்விகளுக்கு நேரம் இல்லாமல் பண்ணிக்கொண்டேன். எனக்கென்ன, அரியர் விழுந்தால் இன்னொரு வருஷம் மாப்பிள்ளை வீட்டாரைத் தள்ளிப் போடலாம் என்று பேசித் திரிந்தவள்தானே? ஆனால் அந்த ‘ஃபெயில்’ என்ற எழுத்தைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு இந்தப் படிப்பு பிடித்துப்போயிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மொத்த ஆற்றல் அழியாது, உருவம் மாறிக்கொண்டே இருக்கும் என்று படித்திருக்கிறேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அக்காவிடம் இருந்த அத்தனை பதட்டமும், ஒரு சொட்டுக் குறையாமல், அந்த இடத்திலேயே என் பக்கம் திரும்பிவிட்டது. “சாப்பிட்டியா? முகம் ஏன் வெளுத்திருக்கு? வீட்ல என்ன சொல்லுவாவ? நான் வந்து பேசுதேன். அடுத்த பரீட்சை எப்ப?” தன்னுடைய ரிசல்ட்டை அவள் மறந்தே போனாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லட்டு வாங்க வேண்டும் என்று அத்தான்தான் ஞாபகப்படுத்தினார்.

அடுத்த சனிக்கிழமை அரியர்காரர்கள் வகுப்பில் உட்காரலாம் என்று சொன்னதால் நான் கிளம்பினேன். தனியாகப் போக மனசே இல்லை. பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஜன்னலோர இடத்தில் பையைப் போட்டு, எனக்காகப் பிடித்துவைத்திருக்கிறாள்.

“உனக்குத்தான் முடிஞ்சிருச்சேக்கா. நீ எதுக்கு வார?”

“வீட்ல உக்காந்து உன்ன நெனச்சுப் பதறுததுக்கு, உன் பக்கத்துல உக்காந்தே பதறிக்கிடுதேன். உள்ள தள்ளிப் போ” என்றாள், அதட்டலாக.

பஸ் கிளம்பியது. எனக்காகப் பதறும் வேலையை அவளே மொத்தமாக எடுத்துக்கொண்டதால் எனக்கு வேலை ஒன்றும் மிச்சமில்லை. தேவர்குளம் வருவதற்குள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.